தானா வந்ததுங்க

அந்த நண்டு ஓடவில்லை.

காசியம்மாள் கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, நண்டு போடும் ஓலைப்பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஏரி கலங்கிக் கிடக்கும் நாளில் கண்ணால் பயனில்லை, விரல்தான் பார்க்க வேண்டும். ஓட்டின் சொரசொரப்பு விரல்நுனியில் பட்ட மாத்திரத்தில் கொடுக்கு எந்தப் பக்கம் என்று புரிந்துகொண்டு முதுகோடு சேர்த்து அமுக்காவிட்டால் ஒன்று நண்டு போய்விடும், இல்லையென்றால் விரல் போய்விடும். ஆனால் இது அவள் தேடாத பக்கத்திலிருந்து வந்தது. சேற்றின்மேல் விரிந்திருந்த அவளுடைய இடது உள்ளங்கையில் ஏறியது. கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

கையை மெல்லத் தூக்கினாள். தண்ணீரைவிட்டு வெளியே வந்த பிறகும் அது கொடுக்கை விரிக்கவில்லை. கறுத்த பச்சை ஓடு, அடிவயிறு வெளுத்துப் பருத்து, ஒரு குழந்தையின் தலையைக் கையில் ஏந்தியதுபோல் கனத்தது. பறிக்குள் போட்டாள். கையை மறுபடி தண்ணீரில் வைப்பதற்குள் அடுத்தது வந்து ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருந்தது.

பறி வாயில் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. இப்படியும் ஒரு அதிர்ஷ்டமா என்று நினைத்துக்கொண்டாள்.

பசியாவரத்துக்கு அவள் வாழ வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஏரியில் கையளவு இடத்துக்குக்கூட இந்த ஊரார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த இடம் என்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. தீவின் பின்பக்கம், கண்டல் செடிகள் கவிந்து, முகத்துவாரத்தைப் பார்த்து வளைந்து போகும் இந்த ஆழமான ஓடைக்கு மட்டும் பெயர் கிடையாது. நாரைகள் ஏரி முழுக்க மேயும், இதற்குள் இறங்குவதில்லை. மற்ற பெண்கள் இதன் வாய்வரை வந்து, ஏதோ சுவர் இருப்பதுபோல் திரும்பிவிடுவார்கள். அவள் திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கரையேறியபோது பக்கத்து வீட்டு நாகம்மாள் பறிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி புடிச்ச இத்தன?"

"பின்னால ஓடையிலக்கா. துரத்தவே வேணாம். தானா கைல வந்து ஏறுது."

நாகம்மாளின் கை பறியின் விளிம்பில் ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளே போய், இருப்பதிலேயே பெரியதாக நான்கைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டது.

"அங்க யாரும் போறதில்லையாக்கா?"

"போறதில்ல" என்றாள் நாகம்மாள். "நீ போனா போ."

அன்று அடுப்பில் வைத்த சட்டி கொதித்தபோது வந்த வாசனை நண்டு வாசனையாக இல்லை. மிளகும் புளியும் போட்டிருந்தாள். அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு, பெரிய அண்டாவில் காய்ச்சி ஆறிப்போய் ஏடு கட்டிய நொய்க்கஞ்சியின் புளித்த வாடை எழும்பியது; அதற்கு அடியில், கதவடைத்த இடத்தில் நிறைய பேர் நெருக்கி உட்கார்ந்து வியர்த்தால் வருமே, அந்த வாடை. நுரை சாம்பல் நிறத்தில் பொங்கியது. வழித்துப் போட்டாள். மறுபடி பொங்கியது. குழம்பின் மேல் விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு மிதந்தது. வாயில் வைத்தபோது சதை தித்தித்தது. நண்டில் இருக்கும் தித்திப்பல்ல, சின்ன வயதில் பழுக்கக் காத்திருந்து தின்ற ஈச்சம்பழத்தின் தித்திப்பு. ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் அடுத்ததைக் கை உடைத்துக்கொண்டிருந்தது.

புருஷன் தேசப்பன் சட்டியைப் பார்த்தான். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பழைய கஞ்சியில் உப்புக்கல்லைப் போட்டுக் குடித்தான்.

"இன்னாயா, நல்லா இல்லியா?"

"நா நண்டு துன்றதில்ல காசி."

ஏரியில் பிறந்து வளர்ந்தவன் நண்டு தின்னாமல் இருப்பானா? கேட்க வாயெடுத்தாள். அவன் எழுந்து போய்க் கையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் நண்டைத் தொடவே இல்லை.

நல்ல மனிதன்தான். குரல் உயர்த்தியதில்லை. ஊரிலேயே பெரிய படகு அவனுடையது. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து உலாந்தா வெள்ளைக்காரர்களின் துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு, முகத்துவாரம் தாண்டி ஆழக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோகும் வேலை. பஞ்ச காலத்தில் ஊர் ஊராக மக்கள் செத்தபோது இந்தத் தீவில் மட்டும் பானையில் அரிசி இருந்தது என்று சொல்லித்தான் மாமன் அவளை இங்கே கட்டிக்கொடுத்தார்.

அவளுடைய ஊர் எளாவூர்ப் பக்கம். மழை பொய்த்த அந்தக் கொடுமையான வருஷங்களில், அம்மா போன பிறகு, நைனா தங்கச்சி செங்கம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு நடந்தார். அங்கே தரகர் ஒருவர் கஞ்சி ஊற்றுகிறார் என்று பேச்சு. செங்கம்மாவுக்கு அப்போது எட்டு வயது; முன்பல் ஆடிக்கொண்டிருந்தது, போகும்போது நாக்கால் அதை ஆட்டிக் காட்டிக்கொண்டே போனாள். நைனா திரும்பி வந்தபோது தோளில் ஒரு அரிசி மூட்டை இருந்தது. செங்கம்மா இல்லை.

"கப்பல்ல போயிட்டா" என்றார். "அந்த நாட்டுல வயல்ல நெல்லு தானா வெளையுதாம்."

அந்த அரிசியைத்தான் காசியம்மாள் தின்றாள். அதனால்தான் உயிரோடு இருந்தாள். மழை வந்த வருஷம் நைனாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவர் அந்த அரிசியில் ஒரு கவளம்கூடத் தின்னவில்லை என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

தினமும் அவள் ஓடைக்குப் போனாள். தினமும் அவை வந்தன. பறிக்குள் போட்டால் மற்ற நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கொடுக்கால் கிழித்துக்கொள்ளும். இவை வரிசையாக உட்கார்ந்தன. கால் மடக்கி, தோளோடு தோள் ஒட்டியதுபோல், ஒரே பக்கம் பார்த்து. சட்டியில் கொதிநீரை ஊற்றும்போதும் அசையவில்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மத்தியான வெயிலில் வீடுகளுக்கு நடுவே நடந்தால், கதவுக்குப் பின்னாலிருந்து ஓடு உடைபடும் சத்தமும் உறிஞ்சும் சத்தமும் மட்டும் கேட்டன. பேச்சுச் சத்தம் கேட்காது. தின்று முடித்ததும் எல்லோரும் தேசப்பனைப் போலவே கையை மணல் போட்டுத் தேய்த்தார்கள்.

நாள் தள்ளிப்போனது. பெண்கள் வந்து கன்னத்தைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து வேறு எந்தச் சோறும் உள்ளே நிற்கவில்லை. நண்டு மட்டும் நின்றது. விடியும்போதே அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்ததுபோல் எச்சில் ஊற, பறியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் படகு தாழத் தொடங்கியது.

துணிமூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் படகாகக் கரையில் கட்டியிருக்கும்போதுகூட, அது சுமை ஏற்றியதுபோல் தண்ணீரில் அமிழ்ந்து நின்றது. தேசப்பன் உள்ளே இறங்கி நீர் இறைக்கப் பார்த்தான். இறைக்க நீர் இல்லை. கரைக்கு இழுத்துக் கவிழ்த்து, பலகைகளைப் பிணைத்த கயிற்றுத் தையலைப் பிரித்துத் தைத்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினான். மறுநாளும் தாழ்ந்து நின்றது, ஒரு பலகை அளவு கூடுதலாக. பிறகு அவன் உட்பலகைகளைத் தேய்க்க ஆரம்பித்தான். சாம்பல், சுண்ணாம்பு, புளி. வெயில் ஏறும்வரை குந்தி உட்கார்ந்து தேய்ப்பான். தேய்த்த இடத்தில் மரம் வியர்ப்பதுபோல் பழுப்பாக எதுவோ கசியும். ஒருநாள் காசியம்மாள் சோறு கொண்டுபோனபோது குனிந்து பார்த்தாள்: பக்கச் சட்டங்களில், சம இடைவெளி விட்டு, கயிறு உரசித் தேய்ந்த பள்ளங்கள். துணிமூட்டைக்கு யார் இத்தனை கயிறு கட்டுகிறார்கள்? மூக்கில் அந்த வாடை அடித்தது. சட்டியில் நுரை பொங்கும்போது அடிக்கும் அதே வாடை.

"எதுக்குயா இந்தத் தேய் தேய்க்கற?"

"கற" என்றான். நிமிரவில்லை.

அந்த வருஷம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. ஏரி சுருங்கி, உப்புப் பூத்து, கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்தது. எல்லாம் மெலிந்தது. ஓடை நண்டுகள் மட்டும் பெருத்தன.

பல் அகப்பட்டது அப்போதுதான்.

சினை நிறைந்த பெட்டை நண்டு. ஓட்டைப் பிளந்து, உள்ளிருந்த மஞ்சளை விரலால் வழித்து வாயில் போட்டு மென்றாள். நறுக்கென்று கடிபட்டது. சிப்பித்துண்டு என்று நினைத்து நாக்கால் ஒதுக்கினாள்; வழவழவென்று இருந்தது, ஒரு ஓரம் கூராக, மறு ஓரம் குழிந்து. விரலில் எடுத்தாள். அரிசியைவிடச் சற்றுப் பெரியது. வெள்ளை. தன் பல்தான் விழுந்துவிட்டதோ என்று நாக்கைச் சுற்றிலும் ஓட்டினாள். எல்லாம் இருந்தன. மறுபடி பார்த்தாள். வேர் இல்லாத பல். தானாக ஆடி விழும் வயதில் இருக்கும் பல்.

பால் பல்.

வாயில் மிச்சமிருந்த மஞ்சள் தொண்டைப் பக்கம் வழுக்கியது. துப்பினாள். துப்பத் துப்ப வந்தது. நாக்கின் அடியிலும் பல்லிடுக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மாவுமாவாக ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானையைத் திணித்துத் துடைத்தாள், விரலைத் தொண்டைவரை விட்டாள், தின்றதெல்லாம் சூடாகத் தரையில் விழுந்தது. விழுந்ததிலிருந்து எழுந்த வாடையில் மறுபடி வாந்தி வந்தது. சட்டியில் எஞ்சிய நண்டுகள் வெந்து சிவந்து, வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தன.

பல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு நாகம்மாள் வீட்டுக்கு ஓடினாள். நாகம்மாள் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கையை விரித்துக் காட்டியதும், பார்த்துவிட்டு, கருவாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூக்கிப் போட்டுட்டு வா. உள்ள வெச்சிக்காத."

"இன்னாக்கா இது?"

"ஒண்ணியும் இல்ல."

"சொல்லுக்கா. அந்த ஓடையில இன்னா கீது?"

நாகம்மாள் இன்னும் இரண்டு மீனைப் புரட்டினாள். பிறகு, விலைவாசி பேசும் குரலில் சொன்னாள்.

"பஞ்சத்துல, அக்கரையில தரகர் கொட்டாய் போட்டு ஆளுங்கள வெச்சிருந்தாரில்ல, கப்பலுக்கு விக்க? கப்பல் வந்து எடுத்துப் போற வரைக்கும் கஞ்சி ஊத்தணும். ஒரு வருசம் கப்பல் தாமசமாயிடுச்சு. கொட்டாயில பேதி கண்டுச்சு. கப்பல்காரன் வந்தா ஒவ்வொண்ணையும் நிக்க வெச்சுப் பாப்பான், வாயத் தெறந்து பாப்பான். நிக்க முடியாதத எடுக்க மாட்டான். அதுங்களுக்கு எத்தினி நாளு கஞ்சி ஊத்தறது? மத்ததுக்கும் ஒட்டிக்குமில்ல. அதான், படகுல ஏத்தி, யார் கண்ணுலயும் படாத எடமாப் பாத்து..."

"செத்தவங்களையா?"

நாகம்மாள் கையிலிருந்த செதிலைத் தட்டினாள்.

"நிக்க முடியாதவங்களன்னு சொன்னேன்."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஈக்கள் கருவாட்டில் மொய்த்துக்கொண்டிருந்தன. நாகம்மாளின் உதட்டோரத்தில், காலையில் தின்ற மஞ்சள் காய்ந்து ஒட்டியிருப்பதைக் காசியம்மாள் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா துன்னீங்க?"

"நாங்களா புடிச்சோம்?" நாகம்மாளின் குரல் முதல்முறையாகச் சுருக்கென்றது. "நாங்க அந்தப் பக்கமே போவ மாட்டோம். நீ கொண்டாந்து குடுத்த, துன்னோம். தானா கைல வந்து ஏறுதுன்னு நீதானடி சொன்ன."

அன்று மாலை தேசப்பன் வந்தபோது, காசியம்மாள் அடுப்பை மெழுகாமல், விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பல்லை அவன் முன்னால் தரையில் வைத்தாள். அது என்ன என்று அவன் கேட்கவில்லை. காலை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நீயா கொண்டுபோன?"

"படகு தள்ளுனேன். தரகரு ஆளுங்க எறக்கினாங்க. நா படகுதான் தள்ளுனேன்."

"தள்ளுனியா."

"யாரையும் நா கையப் புடிச்சு இழுக்கல காசி." அவன் குரல் எப்போதும்போல மென்மையாகவே இருந்தது. "எல்லாம் தானா வந்ததுங்க. கஞ்சிக்குன்னு வந்ததுங்க. ஏறுன்னா ஏறிச்சுங்க. ஆடாம உக்காருன்னா உக்காந்துச்சுங்க. ஒண்ணுகூட சத்தம் போடல."

"எட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. எளாவூர்ப் பக்கம். செங்கம்மான்னு பேரு. முன்பல்லு ஆடிட்டிருந்துச்சு. நைனா நைனான்னு கூப்புடும். கப்பல்லதான போச்சு? சொல்லுயா. கப்பல்லதான?"

தேசப்பன் உள்ளங்கைகளைத் தரையில் தேய்த்தான்.

"எல்லாமே நைனான்னுதான் கூப்புட்டுச்சுங்க" என்றான். "என்னையுந்தான்."

அதற்குப் பிறகு அவள் ஓடைப் பக்கம் போகவில்லை; ஆனால் விடியும்போது மற்ற பெண்களின் பறிகள் அங்கிருந்து நிறைந்து வந்தன. அவன் சமைத்ததையும் தொடவில்லை. எளாவூருக்குப் போய்விடலாம் என்று கரையில் நின்று படகு கேட்டாள். புள்ளத்தாச்சியை ஏற்றிக்கொண்டு தேசப்பனைப் பகைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. போனாலும் அங்கே யார் இருக்கிறார்கள்? வேப்பங்குச்சியால் ஈறு கிழியும்வரை பல் துலக்கினாள். சாம்பலால் துலக்கினாள். உப்பால் துலக்கினாள். தன் தோலிலிருந்தே அந்தக் கஞ்சி வாடை வருவதாகத் தோன்றியது. புறங்கையை முகர்ந்து பார்த்தாள். வந்தது. இத்தனை மாதம் தின்றது எங்கே போயிருக்கும்? கன்னத்தில் ஏறிய சதை. தோளில் ஏறிய சதை. வயிற்றுக்குள் எலும்பு பிடித்துக்கொண்டிருக்கும் சதை. எதை வாந்தி எடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

பசி மட்டும் நிற்கவில்லை. வேறு எதற்கும் பசிக்கவில்லை.

புரட்டாசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. அக்கரையில் மறுபடி கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று பேச்சு வந்தது. கொட்டாய்க்குப் புதுக் கீற்று வேய்ந்தாயிற்றாம். ஒரு பிற்பகல், முகத்துவாரத்துக்கு அப்பால், பாய் சுருட்டிய ஒரு கப்பல் நின்றது. சற்று நேரத்தில் தரகரின் ஆள் வந்து, கரையில் நின்றபடியே தேசப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனான்.

தேசப்பன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான்.

"போவாதயா." காசியம்மாள் வாசலை மறித்தாள். "இன்னிக்கு துணிமூட்ட ஏத்தக் கூப்புடல அவன். எனக்குத் தெரியும். போவாத."

"நா போவலன்னா வேற எவனாவது போவான்."

"போவட்டும். நீ போவாத. உன் புள்ள மேல ஆணை."

அவன் அவள் தோளைத் தொட்டு, மெதுவாக, கதவைத் திறப்பதுபோல் ஒதுக்கினான். போனான்.

படகு கரையில் அவனுக்காகக் காத்திருந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். உள்ளே ஒன்றுமில்லை. காய்ந்த பலகை. சுருட்டிய கயிறு. மத்தியானம் படுத்து எழுந்த ஊர், ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து நின்றது. எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தேசப்பன் நீண்ட தள்ளுகோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறினான். விளிம்பு இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது.

கோலை ஊன்றினான். ஊன்றிவிட்டு, வெறும் படகின் நடுவைப் பார்த்து, தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னான்:

"ஆடாம உக்காருங்க."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. அவன் முகத்தைக் காசியம்மாள் பார்த்தாள். தாடை தொங்கிப்போயிருந்தது. கண்கள் பலகை பலகையாக, இடம் இடமாக, ஒவ்வொரு தலையையும் எண்ணுவதுபோல் நகர்ந்துகொண்டிருந்தன.

"எறங்குயா!" என்று கத்தினாள். "எறங்கிடு!"

இறங்கத்தான் பார்த்தான். ஒரு காலைத் தூக்கினான். கால் விளிம்பைத் தாண்டவில்லை. கணுக்காலில் எதுவும் இல்லை, வெறும் காற்று; ஆனால் அங்கே தோல் பள்ளம் விழுந்து வெளுத்தது. ஐந்தாறு இடத்தில். சின்னச் சின்னதாக. விரல் அழுந்துவதுபோல்.

காலைக் கீழே வைத்தான். கை தானாகக் கோலைத் தள்ளியது.

படகு அக்கரைக்குப் போகவில்லை. தீவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்பியது. காசியம்மாள் கரையோடு ஓடினாள். உப்பு மண் காலில் வெடித்தது. வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் ஊரே நடந்து வந்தது. ஓடவில்லை. நடந்து வந்தது.

ஓடையின் வாயில் படகு நுழைந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது. தாண்டியது. கவிழவில்லை. ஒருபக்கம் சாயவில்லை. சமமாக, மெதுவாக, அதை அப்படியே கீழே இறக்கி வைப்பதுபோல். அவன் கணுக்கால் மறைந்தது. முழங்கால். இடுப்பு.

"உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குரல் கெஞ்சியது. "ஆடாதீங்க. உக்காருங்க."

மார்பு.

இளைஞர்கள் நாலு பேர் நின்றார்கள். நீந்தத் தெரிந்தவர்கள். யாரும் இறங்கவில்லை. காசியம்மாள் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை உருவிக்கொண்டான். தன் கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டான்.

கழுத்து. வாய். அப்போதும் உதடு அசைந்தது. தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது.

தலைப்பாகை.

பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து, குமிழிகள் உடையும் இடத்தில், அது வந்தது. ஒரு குரல் அல்ல. நிறைய. மெல்லிசாக, அவசரமில்லாமல், சந்தோஷமாக.

நைனா.

நைனா.

நைனா.

காசியம்மாள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதுவா? இது இல்லை. இதுவா? எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முன்பல் இல்லாத வாய் சொல்வதுபோல் எல்லாவற்றிலும் காற்று கசிந்தது.

குமிழிகள் நின்றன. நாகம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அடுப்புல ஒல வெச்சிட்டு வந்தேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அவள் மட்டும் நின்றாள்.

தண்ணீருக்கு மேல் கோல் இருந்தது. தள்ளுகோலின் மேல்முனை மட்டும், ஒரு முழத்துக்கு. சாயாமல், செங்குத்தாக. அது விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விழவில்லை. உயர்ந்தது. முன்னால் நகர்ந்து, ஊன்றி, தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. அதற்குப் பின்னால், பாரம் ஏற்றிய அகலமான படகு கிழித்துப் போவதுபோல், நீர் இரண்டாகப் பிரிந்து கரைவரை வந்து மோதியது. முகத்துவாரத்தைத் தாண்டியது. கோல் எட்டாத ஆழம் அங்கே. அப்போதும் ஊன்றிக்கொண்டு, ஊன்றிக்கொண்டு, வெயிலில் நிற்கும் கப்பலைப் பார்த்து அது போய்க்கொண்டே இருந்தது.

ஊர்ப்பக்கமிருந்து காற்று திரும்பியது. யார் வீட்டிலோ சட்டி கொதித்தது. புளித்த கஞ்சி. மிளகு. அந்தக் கொழுப்பு.

அவள் வாயில் எச்சில் ஊறியது.

துப்ப நினைத்தாள். விழுங்கினாள்.